பரணில் தாத்தா துப்பாக்கி, டப்பாவில் கரிமருந்து... உஷார்!

தஞ்சாவூர்: தேர்தல் தேதி அறிவிச்ச உடனே கலெக்டர் ஆபீசில் இருந்து ஒரு உத்தரவு வரும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் வழக்கமா வர்ற செய்திதான்.

ஆனா அன்னிக்குத்தான் ஊருக்கே விஷயம் தெரியும். "அட, அவரு வீட்ல துப்பாக்கி இருக்கா? இத்தனை நாளா தெரியாமப் போச்சே!" டீக்கடையில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சுதான்.

பேச்சு எப்படிப் போகும் தெரியுமா? துப்பாக்கி யாரோடது என்பதைப் பொறுத்துப் போகும். பெரிய பண்ணை வீட்டுக்காரர் என்றால், "பரம்பரை துப்பாக்கி, கௌரவத்துக்கு வெச்சிருக்காரு" என்பார்கள். பாசிமணி விற்கும் நரிக்குறவர் என்றால், "இவனுக்கு எதுக்கு துப்பாக்கி?" என்பார்கள். சின்னப் பையன் என்றால் முடிஞ்சது, ரவுடிப் பட்டம்தான்.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: லைசென்ஸ் எங்கே? துப்பாக்கிக்கு மட்டும் இல்லீங்க. அதுக்குள்ள போடுற மருந்துக்கும், தோட்டாவுக்கும் அதே கேள்விதான். இங்கேதான் பல பேர் விவரம் தெரியாம மாட்டிக்கிறாங்க.

கெட்டிக்கிற துப்பாக்கி

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கிமேடு நமக்குத் தெரிஞ்ச இடம்தான். அங்கே கிடக்கும் பீரங்கி 1620 வாக்கில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன் எடை. அச்சில் ஊற்றி வார்த்தது கிடையாது. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே இரும்பு வளையங்களை பழுக்கக் காய்ச்சி மாட்டி, அடித்து இணைத்த கொல்லுப்பட்டறை வேலை.

அந்தப் பீரங்கிக்கு மருந்தும் குண்டும் வாய் வழியாகத்தான் போகும். முன்னாடி கெட்டிச்சு, பின்னாடி தீ வைக்கணும். அதே மாதிரி வேலை செய்யும் சின்னத் துப்பாக்கிதான் கிராமத்தில் பார்க்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி.

ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு தடவை கெட்டிக்கணும். குழல் வாய் வழியா கரிமருந்து போகும். அதன் மேல் துணி, நார் என்று ஏதாவது அடைப்பு. நீளக் கம்பியால் இடிச்சு இறுக்கணும். அப்புறம் பால்ரஸ் குண்டு, அது வெளியே உருண்டு வராம இன்னொரு அடைப்பு. பின்பக்கம் சின்னதா ஒரு கேப்பு. குதிரையை இழுத்து விட்டா, அது கேப்பில் அடிக்கும், பொறி உள்ளே போகும், டமார்!

ஒரு வெடி போட்டா, அடுத்த வெடிக்குள்ள கொக்கு பக்கத்து ஊருக்கே போயிடும். அதனால்தான் ஒரே வெடியில் குறி தப்பாம அடிக்கிறவனுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு பேரு.

தோட்டா எப்படி வேலை செய்யுது?

அடுத்து வந்தது தோட்டா. மிராசுதார் வீடுகளில் இருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இதுதான் போடுவார்கள். கெட்டிக்கிற வேலையை எல்லாம் ஒரு கூட்டுக்குள் முன்கூட்டியே முடித்து வைத்ததுதான் தோட்டா. வேறு மந்திரம் ஒண்ணும் இல்லை.

கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, நடுவில் அடைப்பு, மேலே ஈயக் குண்டுகள். அவ்வளவுதான். சுட்ட பிறகு மருந்து எரிஞ்சு போகும், குண்டு பறந்து போகும், கேப்பு வீணாகும். கூடு மட்டும் மிச்சம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் காலிக் கூட்டை வாயில் வைத்து விசில் ஊதியது இதைத்தான்.

அந்தக் காலிக் கூட்டில் புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு போட்டு மறுபடி தோட்டா ஆக்கினால் என்ன? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் தோட்டாவை மறுபடி நிரப்பும் வேலை.

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊரில் ஓய்வு பெற்றவர் பழைய ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ற மாதிரி, அங்கே வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் மேஜை போட்டு, கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், ஒரு தராசு, மருந்து டப்பா என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்கு என்றால்தான் லைசென்ஸ்.

எதுக்கு இந்த வேலை? ஒண்ணு, காசு மிச்சம். இன்னொண்ணு, தன் துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி அளவாப் போட்டால் குறி சுத்தமா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு சுவாரசியம் பாருங்க. அவர்கள் மருந்தை நிறுக்கும் அளவுக்கு பெயர் 'கிரெயின்'. தானியம் என்று அர்த்தம். ஒரு பார்லி மணியின் எடையில் இருந்து வந்த அளவு. ஒரு கிராமுக்கு 15 கிரெயினுக்கும் மேலே வரும். நெல்லு மணியில் பொழப்பு நடத்துற நமக்கு இது புரியாமல் போகுமா? ஒன்றிரண்டு மணி வித்தியாசம் என்பது அவ்வளவு சின்ன அளவு. அதில் தப்பு நடந்தாலே சில துப்பாக்கிகளில் குழல் தாங்காது. கரிமருந்து போடவேண்டிய பழைய துப்பாக்கியில் இந்தக் காலத்து புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடித்து, சுடுபவனின் கையையும் கண்ணையும் பறித்துவிடும். எழுதி வைத்த அளவைப் பார்த்து, நிறுத்து செய்கிற இடத்திலேயே இவ்வளவு ஆபத்து இருக்குது.

இங்கே சட்டம் என்ன சொல்லுது?

1878-ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு! சுதந்திரத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தது. 1962-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகள் 2016-ல் புதுசாக எழுதப்பட்டன.

இதில் நல்லா கவனிக்க வேண்டியது, துப்பாக்கி வைத்திருக்க வாங்கும் லைசென்ஸ் வேறு, ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்க வாங்கும் லைசென்ஸ் வேறு. சட்டத்தின் 5-வது பிரிவு தயாரிப்புக்கு தனி லைசென்ஸ் கேட்குது. 'தோட்டா' என்று சட்டம் சொல்வதில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் மிஷினும் கூட அடக்கம்.

அதனால், "துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருக்கே, காலிக் கூட்டை நாமளே நிரப்பினா என்ன?" என்று யூடியூப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். உங்கள் லைசென்சில் என்ன எழுதியிருக்கோ அதுதான் உங்களுக்கு அனுமதி. எத்தனை தோட்டா, என்ன ரகம் என்று அதில் இருக்கும். அதைத் தாண்டி என்ன செய்வதாக இருந்தாலும் முதலில் கலெக்டர் ஆபீசில் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

2019-ல் சட்டத்தைத் திருத்தி தண்டனையை கூட்டிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்றால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். லைசென்ஸ் இல்லாமல் சாதாரண துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம். ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மட்டும் 3 வருஷத்தில் இருந்து 5 வருஷமாக நீண்டது. கல்யாணம், திருவிழா என்று ஆனந்தத்தில் அலட்சியமாக சுட்டால் 2 வருஷம் ஜெயில் அல்லது ஒரு லட்சம் அபராதம், இரண்டும் கூட கிடைக்கலாம்.

நரிக்குறவர் தோளில் இருந்தால்...

தோட்டாவை நிரப்புவது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்றால், கையால் மருந்து கெட்டிப்பது நம்ம ஊரில் ஒரு சாதி சனத்துக்கே வயிற்றுப்பாடாக இருந்தது. நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் நாம் சொல்லும் மக்கள்தான் அவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. திருச்சி - தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி பக்கம் தேவராயநேரியில் பெரிய காலனியே இருக்குது.

வயலைக் கெடுக்கும் நரியையும், கதிரைக் கொத்தும் குருவியையும் அடிச்சுக் கொடுத்தவர்கள் அவர்கள். கொக்கும் மடையானும் அடிச்சு விற்றார்கள். அப்போது யாரும் குறை சொல்லவில்லை. கூப்பிட்டு விட்டவர்களே நாம்தான்.

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. நரி, கொக்கு, நாரை எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியலுக்குள் போயிடுச்சு. தொழில் ஒரே சட்டத்தில் குற்றம் ஆயிடுச்சு. பாசிமணி, ஊசி விற்பனைக்கு பெருவாரியாக மாறினார்கள். ஆனால் தோளில் துப்பாக்கி தொங்கும் அந்த உருவம் மட்டும் ஜனங்கள் மனசை விட்டுப் போகவில்லை. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் கூட ஒதுங்கும் ஆட்கள் இருக்காங்க.

2008-ல் தமிழக அரசு நரிக்குறவர் நல வாரியம் அமைத்தது. பழங்குடி பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற பல காலத்து கோரிக்கை, 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மசோதா நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமானது. பட்டியல் மாறியாச்சு. பார்வை மாறிச்சா என்று அவரவர் மனசைத்தான் கேட்கணும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. லைசென்சோடு இருக்கும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையும் 'நாட்டுத்துப்பாக்கி' என்கிறோம். திருட்டுத்தனமாக பட்டறையில் செய்ததையும் 'நாட்டுத்துப்பாக்கி' என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பயிரைப் பாதுகாக்க வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க 1959 சட்டத்திலேயே தனியாக இடம் இருக்குது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

மிராசுதார் கையில் இருந்தால்...

மறுபக்கம் பெரிய வீட்டுத் துப்பாக்கி. களத்தில் நெல்லு கிடக்கும், ராத்திரி காவலுக்கு, கொள்ளை பயத்துக்கு என்று வாங்கியது. சுவரில் மாட்டியிருந்தாலே போதும், அது பேசும். கூலி கேட்டு வாசலில் நிற்பவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

டெல்டாவில் துப்பாக்கிக்கு மரியாதை மட்டும் இல்லை, பயமும் இருக்குது. அந்தப் பயத்துக்கு ஒரு தேதியும் இருக்குது. 1968 டிசம்பர் 25 ராத்திரி. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், கீழவெண்மணி. கூலி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலச்சுவான்தார் தரப்பு கும்பல் புகுந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை வைத்தே குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும், குழந்தைகளும், வயசானவர்களும்.

வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை ஐகோர்ட்டு நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது.

வெண்மணி கேட்டு வளர்ந்த வீட்டுக்காரருக்கு துப்பாக்கி என்றதும் கௌரவம் ஞாபகத்துக்கு வராது. அந்தக் குடிசைதான் வரும். இதை விளையாட்டாக துப்பாக்கி சுடுபவர்களும், பரம்பரையாக வைத்திருப்பவர்களும் புரிஞ்சுக்கணும். ஜனங்களோட பயம் சும்மா வந்தது இல்லை.

அதே நேரம், லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லாரும் மோசம் என்றும் சொல்ல முடியாது. மத்திய உள்துறை கணக்குப்படி 2016 கடைசியில் நாடு முழுக்க சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் துப்பாக்கி லைசென்ஸ். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரத்து 500 தான். பேங்க் காவலாளி, விவசாயி, விளையாட்டு வீரர் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வர்றாங்க.

பக்கத்து புதுக்கோட்டை ராஜ குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டை சுடும் 'டிராப்' போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அவர் கையில் இருந்ததும் அதே 12 போர் ரகம்தான். போட்டித் தோட்டாவில் ஈயக் குண்டு 24 கிராம்தான் என்று அங்கே கண்டிப்பு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் ரைபிள் சுட்டவர். அதில் மருந்தே கிடையாது, வெறும் காற்று.

எங்க வீட்டில் ஏர்கன்தானே இருக்கு என்று வடுவூர் ஏரி பக்கம் போய் பறவையைக் குறி வைத்தால், வனத்துறை வந்து அள்ளிக்கொண்டு போகும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையா இல்லையா என்பது வேறு, பறவையைச் சுடுவது வேறு. இரண்டாவது எப்போதுமே குற்றம்தான்.

இப்போ யாருக்கு தேவை?

நேர்மையாகக் கேட்டுப் பார்த்தால், டெல்டா விவசாயிக்கு இன்றைக்கு துப்பாக்கியால் என்ன பிரயோஜனம்? நம்ம வயலுக்கு முதல் எதிரி எலி. அதுக்கு மூங்கில் கிட்டி போதும். அறுப்பு மிஷின் வந்து ஒரே நாளில் அறுத்துத் தள்ளுது, நெல்லு நேரா கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. அங்கே குவிச்சு வெச்சிருக்கும் நெல்லுக்கு எதிரி மழை. மழையை சுட முடியுமா? தார்ப்பாய்தான் வாங்கணும்.

அதனால்தான் பல வீடுகளில் துப்பாக்கி பரணுக்குப் போயிடுச்சு. ஆபத்து ஆரம்பிக்கிறதே அங்கேதான்.

பரணை ஒரு தடவை பாருங்க

தாத்தா செத்துப் போயிருப்பார். லைசென்ஸ் அவர் பேரில். அப்பா கவனிக்கவில்லை. பேரனுக்கு விஷயமே தெரியாது. வீட்டை இடிக்கும்போதோ, பாகப்பிரிவினை சண்டையில் பங்காளி போட்டுக் கொடுக்கும்போதோ துப்பாக்கியும், ஒரு டப்பா கரிமருந்தும், நாலு பழைய தோட்டாவும் வெளியே வரும். அன்னிக்கு குற்றவாளி பேரன்தான்.

இப்படி மாட்டிக்காமல் இருக்க செய்ய வேண்டியது இதுதான்:

* லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, லைசென்ஸ் காலம் முடிந்தாலோ, துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதம் இல்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஆயுதச் சட்டம் 21-வது பிரிவு இது. ரசீது கேட்டு வாங்குங்க.

* வாரிசுக்கு துப்பாக்கி வேண்டும் என்றால், தன் பெயரில் புது லைசென்சுக்கு மனு போடலாம். 2016 விதிகளில் வாரிசுக்கு வழி இருக்குது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கவும் மனு செய்யலாம்.

* வேண்டாம் என்றால் அரசிடமே விட்டுவிடலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் கலெக்டர் உத்தரவில் அது அரசுக்குப் போய்விடும்.

* லைசென்ஸ் இருப்பவர்கள் அதில் தனி அடையாள எண் ஏறியிருக்கா என்று பார்க்கணும். அந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ் செல்லாது.

* பரணில் பழைய மருந்து, தோட்டா கிடைத்தால் பிரிச்சுப் பார்க்காதீங்க, வெயிலில் காய வைக்காதீங்க, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று சுட்டுப் பார்க்கவே பார்க்காதீங்க. பீடி, அடுப்பு பக்கம் கொண்டு போகக்கூடாது. கோவில் வேட்டுக்கு ஒரு பொறி போதும், இதுக்கும் அதேதான். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டேஷனுக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்க.

பல பேர் பயந்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஆத்துல, குளத்துல வீசிடுறது உண்டு. அது இன்னும் வம்பு. லைசென்ஸ் பதிவில் அந்தத் துப்பாக்கி உங்கள் குடும்பத்துப் பேரில்தான் இருக்கும். நாளைக்கு எங்கே போச்சு என்று கேட்டால் பதில் சொல்லணும்.

தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி ரிசல்ட் வந்து ஒரு வாரத்தில் கைக்குத் திரும்பி வந்துவிடும். பரணில் மறந்து போனது அப்படி தானா எங்கேயும் போகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போட்டு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள்.